ஐஸ் கணக்கு

என் நோட்டில் மீன் கிடையாது.
படகு, தேதி, எத்தனை பார் ஐஸ், எவ்வளவு பாக்கி.
பதினேழு வருஷமாய்க் காசிமேட்டில்
கடலை நான் இப்படித்தான் படிக்கிறேன்:
கரையிலிருந்து அதற்கு
எவ்வளவு குளிர் கடனாய்ப் போகிறது என்று.

தேசிங்கு அண்ணன் முன்பெல்லாம்
நூற்றிருபது பார் ஏற்றுவார்.
ஆறாம் நாள் திரும்புவார்.
மிஞ்சிய ஐஸை வார்ப்பில் உடைத்து
வலை பின்னுகிறவர்களின் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டுப் போவார்.
இந்த வருஷம் தடைக்காலம் முடிந்த முதல் ராத்திரி
இருநூற்றெழுபது.

"இன்னாண்ணே, எங்க போறீங்க?"
"மீனு எங்க கீதோ அங்க."
சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.
பிறகு, யாரிடமோ சொல்வதுபோல்:
"மேல்தண்ணி கஞ்சித் தண்ணியாட்டம் கீது.
வஞ்சிரம் ஆழத்துக்கு இறங்கிடுச்சு.
இல்லாட்டி வடக்க போயிடுச்சு.
சொல்லிட்டா போவும்?"

ஆய்வு நிலையத்திலிருந்து வந்த பெண்
கயிற்றில் கட்டிய கருவியை இறக்கி ஏற்றினாள்.
ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, அக்கா,
பத்திருபது வருஷத்துக் கணக்கில், என்றாள்.
அவ்வளவுதானா என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள்.
நான் கேட்கவில்லை.
கம்ப்ரசர் கொஞ்சம் இளைத்தால்
மறுநாள் பார் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.
வெளியே பார்க்கக் கல்.
தோளில் தூக்கினால்
நடுவில் தண்ணீர் தளும்பும்.

அப்புறம் ஆடியில் கவலை வந்தது.
மீனைச் சொல்கிறேன்.
மற்றது எப்போதும் இங்கேதான் இருக்கிறது.

நெய்க்கவலை.
ஃபைபர் படகுகள் விளிம்புவரை முழுகி வந்தன.
கூடை தீர்ந்து, டப் தீர்ந்து,
தார்ப்பாயில் கொட்டினார்கள்.
தண்டையார்பேட்டை வீடுகளில் எவரும் சீந்தவில்லை,
முள்ளாம், வாடையாம், வஞ்சிரம் இல்லையாம்மா.
அது ஒடிசாவில் குடித்தனம் வைத்துவிட்டது என்று
அஞ்சலாட்சி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.
மாலைக்குள் கிலோ பதினெட்டு ரூபாய்,
கோழித் தீவனத்துக்கு.

மறுநாள் விடியலில் கொல்லத்திலிருந்து ஒரு லாரி.
இறங்கிய பினோய் ஒரு மீனை எடுத்து
வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தினார்.
விரலில் நெய் மின்னியது.
"இது எங்கட மத்தி" என்றார்,
காணாமல் போன மாட்டைச்
சந்தையில் கண்டவர்போல.
அங்கே மூன்று வருஷமாய் வலை வெறுமையாம்.
யாரைக் கேட்டுக் கோபப்படுவது என்று தெரியாமல்
எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.
பிறகு விலை பேசினார்.

குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு
தானாக நீந்தி வந்த மீன்
ஆரியங்காவுக் கணவாய் ஏறி
டயரில் ஊர் திரும்புகிறது.
(கணவாய் என்றால் எனக்கு
முதலில் மீன்தான் ஞாபகம் வரும், மலை இல்லை.)
அதற்கு நாற்பது பார், ரொக்கம்.
அரைத்து மேலே பரப்பினேன்.
கண் திறந்தபடி கிடந்தன.
தேடி வந்தது இதுவாக இருக்காது.

பதினோராம் நாள் தேசிங்கு அண்ணன் வந்தார்.
கிடங்குத் தண்ணீரில் மிதந்த மீன்
பாதிக்கு மேல் கண் வெளுத்து.
இருநூற்றெழுபதும் கரைந்துபோய்
டீசலுக்கே சரியாகவில்லை.
பாதி பணம் கொடுத்தார்.
மீதியை எழுதினேன், முத்தாகத்தான் எழுதுகிறேன்,
இருந்தும் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

ராத்திரி மெஷினை நிறுத்திய பின்
ஐஸ் உருகிய தண்ணீர் காவாய் வழியே
துறைமுகத்தில் விழுகிறது.
விழுகிற இடத்தில் மடவைக் குஞ்சுகள்
டார்ச் அடித்தாலும் கலையாமல்
மொய்த்துக் கிடக்கின்றன.

மீன் கழுவிய ரத்தமும் அதில்தான் போகிறது.
எதற்கு வருகின்றன என்று
சொல்லத் தெரியவில்லை.
குளிருக்காக என்று
ஒருநாளும் நோட்டில் எழுதமாட்டேன்.
ஆனால் கையை விட்டுப் பார்த்தேன்.